'உள்ளே வரலாமா?' - நந்தனார் படங்களும் ஒரு பாட்டு கேட்ட கேள்வியும்

டிசம்பர் சீசன் கச்சேரியில் பாடகர் 'வருகலாமோ' என்று ஆரம்பித்தால் போதும், சபாவில் தனியாக ஓர் அமைதி வந்துவிடும். கேன்டீன் பக்கம் போகலாம் என்று எழுந்தவர்கூட மறுபடி உட்கார்ந்துவிடுவார். மாஞ்சி ராகத்தின் இழுப்பு அப்படி. சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலருக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் அந்தப் பாட்டில் என்னதான் நடக்கிறது? ஒருவன் கோயிலுக்கு வெளியே, ஊர் எல்லையில் நிற்கிறான். உள்ளே வரலாமா என்று கேட்கிறான். அவன் கேட்பது கடவுளிடம். ஆனால் அவனைத் தடுத்து வைத்திருப்பது மனிதர்கள். காரணம், அவன் பிறந்த சாதி. டிக்கெட் வாங்கி உள்ளே ஏசியில் உட்கார்ந்திருக்கும் நாம், உள்ளே விடப்படாத ஒருவனின் பாட்டைக் கேட்டு உருகிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பக்திப் பாட்டு என்று சொல்லலாமா, இல்லை உரிமைக் குரல் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வி சங்கீத சபாக்களோடு நின்றுவிடவில்லை. தமிழ் சினிமா பேச ஆரம்பித்த முதல் 20 வருடங்களிலேயே தியேட்டருக்கும் வந்துவிட்டது. 1935-ல் ஒரு நந்தனார் படம், 1942-ல் இன்னொன்று, 1949-ல் அந்தக் கதையையே தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஒரு காலட்சேபம். மூன்றையும் வரிசையாகப் பார்த்தால், பாட்டுப் படங்களில் ஆன்மிகமும் சமூகமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது புரியும்.

அப்போ எல்லாமே 'மியூசிக்கல்'தான்

'மியூசிக்கல்' என்றதும் நமக்கு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', 'லா லா லேண்ட்' என்று ஹாலிவுட்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் 1930-களின் தமிழ்ப் படங்களை வேறு எந்தப் பெயரில் அழைப்பது? நாடகக் கம்பெனிகளிலிருந்து நேராக வந்த நடிகர்கள். பின்னணிப் பாடல் முறை இன்னும் பரவலாகவில்லை. அதனால் கேமரா முன்னால் நிற்பவரே பாட வேண்டும். நடிப்பு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, குரல் இருக்க வேண்டும். வசனம் என்பது ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போக உதவும் பாலம், அவ்வளவுதான்.

"படம் பார்க்கப் போறேன்" என்பதும் "பாட்டு கேட்கப் போறேன்" என்பதும் ஒன்றாக இருந்த காலம் அது. 1944 தீபாவளிக்கு வந்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது என்றால், கதைக்காகவா அத்தனை பேர் திரும்பத் திரும்ப வந்திருப்பார்கள்?

இதோடு இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சமூகத்தில் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கலையைப் பார்த்த முதல் இடம் சினிமா கொட்டகைதான் என்று இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியிருக்கிறார். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்று பிரிவு இருந்தது உண்மை. ஆனால் கொள்கை அளவிலாவது அந்தப் பிரிவைத் தீர்மானித்தது கையில் இருந்த காசு. கோயிலிலும் கச்சேரியிலும் கதையே வேறு. எனவே நந்தன் திரையில் வந்து நின்றபோது, அவனைப் போலவே கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களும் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்க முடிந்தது. ராமாயணப் படத்துக்கோ வள்ளி திருமணத்துக்கோ இல்லாத ஓர் அழுத்தம் இந்தக் கதைக்கு அங்கிருந்துதான் வருகிறது.

சரி, நந்தன் யார்?

சுந்தரர் தன் திருத்தொண்டத்தொகையில் இவரைப் பெயரளவில்தான் சொல்லிவிட்டுப் போகிறார், 'திருநாளைப்போவார்' என்று. நம்பியாண்டார் நம்பி ஒரு பாடலில் கொஞ்சம் விவரம் சேர்க்கிறார். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் 37 பாடல்களில் முழுக்கதையாக்குகிறார்.

சேக்கிழாரின் நந்தன் ஆதனூரின் புலைப்பாடியில் பிறந்தவர். அவர் செய்த தொண்டைக் கவனியுங்கள். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுக்கிறார். அதாவது கோயிலுக்குள் கேட்கிற இசையின் மூலப்பொருள் அவர் கையிலிருந்து போகிறது. அவர் மட்டும் போக முடியாது. திருப்புன்கூரில் வெளியே நின்று பார்க்கும்போது நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொல்கிறார், நந்தியும் விலகுகிறது. சிதம்பரத்துக்குப் போக ஆசை. ஆனால் போனால் என்ன ஆகும் என்று தெரியும். அதனால் 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். திருநாளைப்போவார் என்ற பெயர் அப்படி வந்தது. நாம் இன்றைக்கு அதைப் பக்தியின் அடையாளமாகச் சொல்கிறோம். எனக்கென்னவோ அதில் பயம்தான் முதலில் தெரிகிறது.

முடிவில் தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கனவில் சிவன் வந்து, தீயில் மூழ்கி என்னிடம் வா என்கிறார். தில்லைவாழ் அந்தணர்களுக்கும் அதே கட்டளை. தீ மூட்டுகிறார்கள். நந்தன் உள்ளே போகிறார். வெளியே வரும்போது மார்பில் பூணூல், தலையில் சடை, முனிவர் கோலம். அதன் பிறகுதான் கோயிலுக்குள் போகிறார். போனவர் திரும்பவில்லை, இறைவனோடு கலந்துவிட்டார் என்று முடிகிறது கதை.

இந்தக் கதை 700 வருடம் இப்படியே இருந்தது. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கையில் எடுத்தபோதுதான் அதற்குள் ஒரு வில்லன் வந்தார்.

பாரதியார் (சுப்பிரமணிய பாரதி இல்லை, இவர் வேறு) எழுதிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் நந்தன் ஒரு பண்ணையாள். அவனுக்கு மேலே நில உடைமையாளராக ஒரு வேதியர். சேக்கிழாரிடம் இந்த வேதியரே கிடையாது. சிதம்பரம் போக நந்தன் அனுமதி கேட்கிறான், வேதியர் திட்டித் தீர்க்கிறார். கடைசியில் ஒரு நிபந்தனை: 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ. ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கு மேல். அப்படியென்றால் 250 ஏக்கருக்கும் அதிகம். ராத்திரியோடு ராத்திரியாக சிவகணங்கள் வந்து முடித்துவைக்கின்றன. மறுநாள் வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

தஞ்சை டெல்டாவில் நிலம் யாரிடம், உழைப்பு யாரிடம், லீவு கேட்டால் என்ன பதில் வரும் என்பதெல்லாம் பக்திக் கதைக்குள் நுழைந்தது இப்படித்தான். பாரதியும் பிராமணர்தான் என்பதைச் சேர்த்துப் படித்தால் இது இன்னும் ஆச்சரியம்.

இதற்குப் புலவர் உலகில் சுலபமாக வரவேற்பு கிடைக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் வாங்க பாரதி நடையாய் நடந்ததை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். இலக்கணப் பிழை இருக்கிறது, பெரியபுராணத்திலிருந்து விலகுகிறது என்று பிள்ளை தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். ஒருநாள் அவர் பகல் தூக்கத்தில் இருந்தபோது, பாரதி திண்ணையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. எழுந்து வந்து கேட்ட பிள்ளை, பாயிரம் கொடுத்துவிட்டார். படித்தபோது அசையாத மனிதரைப் பாட்டு அசைத்திருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1935: ஒரு லட்சம் ரூபாய் நந்தன்

'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தது ஒரு பெண், கே.பி.சுந்தராம்பாள். கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் ரயிலில் பாடியதாகச் சொல்லப்படும் அதே சுந்தராம்பாள். மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடியாகப் பாடி உச்சத்துக்குப் போனவர். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25-தான். வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

அவரை சினிமாவுக்குக் கொண்டுவர ஒரே வழி, ஜோடியே இல்லாத ஒரு வேடம். நந்தன் அதற்குப் பொருந்தினான். சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது கேள்விப்படாத தொகை. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், கர்னாடக இசையின் முன்னணி வித்வான். 40-க்கும் அதிகமான பாட்டுகள்.

இந்தக் கூட்டணியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். விதவை என்று சமூகம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு பெண், தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஓர் ஆணாக நின்று பாடுகிறார். எதிரே சங்கீத உலகின் மையத்தில் இருக்கும் ஒரு வித்வான், அனுமதி மறுப்பவராக. இதையெல்லாம் யோசித்துத்தான் நடிகர்களைத் தேர்வு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வியாபாரக் கணக்குதான் பெரும்பாலும். ஆனால் திரையில் இருவரும் பாட்டால் மோதிக்கொள்ளும்போது, அவரவர் வாழ்க்கையும் கூடவே வந்து நின்றிருக்கும் அல்லவா?

படம் ஓடவில்லை. 'ஆனந்த விகடன்' விமர்சனத்தில் கல்கி, படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் என்ற அர்த்தத்தில் கிண்டலடித்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. அதனால் கல்கி சொன்னது நியாயமா என்று நாம் பார்த்து முடிவு செய்யவும் வழியில்லை.

நடுவில் நடந்தது

1935-க்கும் அடுத்த நந்தனார் படத்துக்கும் இடையில் ஏழு வருடங்கள். அந்த ஏழு வருடத்தில்தான் நந்தனின் கேள்வி சட்டமன்றத்துக்குப் போனது. 1936 நவம்பரில் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம். 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு, அதில் கக்கனும் ஒருவர். அதே ஆண்டு ராஜாஜி அரசு கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. சென்னை மாகாணம் முழுக்கவும் கோயில்கள் எல்லோருக்கும் திறக்க 1947 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காந்திக்கும் நந்தனைப் பிடிக்கும். கோபப்படாமல், தன்னை வருத்திக்கொண்டே தடையை உடைத்தவர் என்று நந்தனை ஒரு சத்தியாகிரகியாகப் பார்த்தார். அன்றைய சீர்திருத்தவாதிகளுக்கு நந்தன் கச்சிதமான ஹீரோ. மாமிசம் தொடமாட்டான், ஊர்த் தெய்வங்களுக்குப் பலி கொடுப்பதை எதிர்ப்பான், சேரியின் பெரியவர்களோடு அதற்காக வாதாடுவான், ஆண்டையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோயிலுக்குள் போக மற்றவர்களுக்குப் பிறப்பே போதும். நந்தன் மட்டும் அவர்கள் எல்லோரையும்விட நல்லவனாக இருந்து காட்ட வேண்டும். ஆபீஸில் 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்ற பெயரோடு உட்கார்ந்து, இரண்டு மடங்கு வேலை செய்து தன்னை நிரூபித்துக்கொண்டிருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

1942: உள்ளே பாடியவர் வெளியே நின்றார்

ஜெமினி ஸ்டூடியோவின் எஸ்.எஸ்.வாசன் தயாரிக்க, முருகதாசா இயக்கிய 'நந்தனார்' 1942-ல் வெளியாகி வெற்றி பெற்றது. நந்தனாக எம்.எம்.தண்டபாணி தேசிகர், வேதியராக செருகளத்தூர் சாமா. கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு எழுதிய பாட்டுகளும் சேர்ந்தன.

தேசிகர் ஓதுவார் மரபில் வந்தவர். கோயில் சன்னிதியில் தேவாரம் பாடுவது அந்த மரபின் வேலை. அந்தக் குரலை எடுத்துக்கொண்டுபோய், சன்னிதிக்கே வர முடியாத ஒருவனின் தொண்டையில் வைத்தார்கள். இந்தப் படத்தின் பாட்டுகள் இன்றும் யூடியூபில் கிடைக்கின்றன. ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். அழுகையை வரவழைக்க அவர் குரலை நடுங்கவிடுவதில்லை. கெஞ்சல் வார்த்தையில் இருக்கிறது, குரலில் இல்லை. குரல் நிமிர்ந்தே நிற்கிறது.

பாட்டுப் படம் என்ற வடிவம் செய்யும் வேலையே இதுதான் என்று நினைக்கிறேன். வசனத்தில் நந்தன் குனிந்தே பேச வேண்டும். ஆண்டை முன்னால் கைகட்டி, வாய்பொத்தி நிற்க வேண்டும். கதையும் அவனை அப்படித்தான் நடத்துகிறது. ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் கதை நின்றுவிடுகிறது. அடுத்த நாலைந்து நிமிஷத்துக்கு ஆண்டை இல்லை, வயல் இல்லை, காவல் இல்லை. அவன் நேராகக் கடவுளிடம் பேசுகிறான். எந்த இடைத்தரகரும் கிடையாது. கொட்டகையில் இருக்கும் அத்தனை பேரும், எந்தச் சாதியாக இருந்தாலும், அந்த நிமிஷங்களில் அவன் நிற்கும் இடத்திலிருந்துதான் கோபுரத்தைப் பார்க்கிறார்கள்.

அவனுக்குக் கடவுள் மேல் சந்தேகமே இல்லை என்பதுதான் இதில் முக்கியம். தடுப்பது கடவுள் இல்லை என்று அவனுக்கு உறுதியாகத் தெரியும். அந்த உறுதியைப் பக்தி என்கிறோம். அதே உறுதி, 'அப்போ தடுக்குறது யாரு?' என்ற கேள்வியையும் கேட்பவர் மனதில் போட்டுவிடுகிறது. ஒரே பாட்டு ஒருவருக்குப் பிரார்த்தனையாகவும் பக்கத்து சீட்டுக்காரருக்குப் புகாராகவும் கேட்பது இதனால்தான். இரண்டையும் பிரித்து எடுத்தால் பாட்டு செத்துவிடும்.

ஆனால், அந்தத் தீ?

1942 படமும் புராணத்தின் முடிவைத்தான் வைத்துக்கொண்டது. நந்தன் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போகிறான்.

அவ்வளவு நேரம் பாட்டு கட்டி எழுப்பியதைக் கதை ஒரே காட்சியில் இடித்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உள்ளே வரலாமா என்று கேட்டது யார்? ஆதனூர் நந்தன். உள்ளே போனது யார்? பூணூல் போட்ட ஒரு முனிவர். கேட்டவனுக்கு அனுமதி கிடைக்கவே இல்லை. அவன் வேறு ஒருவனாக மாறிய பிறகுதான் கதவு திறக்கிறது. நந்தனை உண்மையில் எரித்துவிட்டார்கள், அதை மறைக்கத்தான் இந்தக் கதை என்று வாசித்தவர்கள் உண்டு. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் அந்தக் கோணத்தை மேடைக்கே கொண்டுவந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் ஒரு பௌத்த மன்னன் என்று கதையை அடியோடு மாற்றிச் சொன்னார். புதுமைப்பித்தன் 1930-களிலேயே 'புதிய நந்தன்' என்ற கதை எழுதிவிட்டார்.

பக்தர்கள் தரப்பில் இதற்கு ஒரு பதில் உண்டு. தீ என்பது நந்தனின் அழுக்கை எரிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பார்வையைத்தான் எரித்தது என்பார்கள். அழகான பதில்தான். ஆனால் அப்படியென்றால் தீயில் இறங்கியிருக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இல்லையா?

சினிமா விஷயத்துக்கு வருவோம். படம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஜனங்கள் கூடவே எடுத்துக்கொண்டு போவது எதை? பாட்டைத்தான். தீயை யாரும் முணுமுணுப்பதில்லை. கதை கடைசியில் என்ன தீர்ப்பு சொன்னாலும், மாட்டுவண்டியில் திரும்பும் வழியில், மறுநாள் களத்துமேட்டில் வாயில் வருவது அந்த வெளியே நிற்பவனின் கேள்விதான். மீனாட்சிசுந்தரம் பிள்ளை விஷயத்தில் நடந்ததும் இதேதான். ஏட்டில் இருந்த கதையை அவரால் மறுக்க முடிந்தது, திண்ணையில் இருந்து வந்த பாட்டை முடியவில்லை.

இதை ரொம்பவும் கொண்டாடிவிடவும் முடியாது. அந்தக் கீர்த்தனைகளைக் கேட்டுக் கேட்டு அழுத அதே ஊர்களில்தான் கோயில் கதவு மூடியே இருந்தது, சுமார் 80 வருடம். அழுதால் மனசு லேசாகிவிடும். லேசான மனசோடு தூங்கப் போய்விடலாம். பாட்டின் அழகே ஒரு வலி நிவாரணியாக வேலை செய்யும் ஆபத்து எல்லா மியூசிக்கலிலும் உண்டு, நந்தனாரில் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

தேசிகருக்கே அப்படி ஓர் அனுபவம் நேர்ந்தது. 1946-ல் திருவையாறு தியாகராஜர் விழாவில் அவர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். அதனால் சன்னிதானத்துக்குத் தீட்டு வந்துவிட்டதாகச் சர்ச்சை கிளம்பியது. 'குடி அரசு' இதழில் இளைஞர் மு.கருணாநிதி அதைக் கண்டித்து எழுதிய கட்டுரையின் தலைப்பு: 'தீட்டாயிடுத்து'. படம் வந்து நாலே வருடம்தான் ஆகியிருந்தது.

1949: கிந்தன் ரயில் ஏறினான்

இந்த இடத்தில்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வருகிறார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று 1947-ல் விடுதலையான பிறகு அவர் எடுத்த படங்களில் ஒன்று 'நல்லதம்பி'. கதை வசனம் அண்ணாதுரை, இயக்கம் கிருஷ்ணன் - பஞ்சு. மூலம் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற ஹாலிவுட் படம். அதற்குள் என்.எஸ்.கே. ஒரு கதாகாலட்சேபம் வைத்தார். பெயர், 'கிந்தனார்'.

ஒரு பாகவதர் நின்றுகொண்டு பாட்டும் வசனமும் கலந்து புராணக் கதை சொல்வார், பின்னால் பக்கவாத்தியம் இருக்கும். அதுதான் கதாகாலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் ஊர் ஊராகப் பரவியது அந்த மேடைகளில்தான். என்.எஸ்.கே. அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். அதே நிற்கும் தோரணை, அதே இழுப்பு, அதே பில்டப். பாட்டு உடுமலை நாராயண கவி.

நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனுக்குப் படிக்க ஆசை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பையன், ஊர் வாத்தியார் சேர்க்க மறுக்கிறார். கிந்தன் 'நாளைப் போவேன்' என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கவில்லை. பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறான். அந்த ரயிலுக்கென்றே ஒரு பாட்டு வருகிறது. எல்லாச் சாதிக்காரர்களையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிக்குப் புகழாரம். நந்தன் கதையில் வழிவிட ஒரு நந்தி தேவைப்பட்டது. கிந்தனுக்கு நீராவி இன்ஜின் போதுமானதாக இருந்தது. படித்து முடித்து, கல்வி அதிகாரியாக அதே ஊருக்கு, அதே வாத்தியார் முன்னால் வந்து நிற்கிறான்.

இதில் அற்புதம் இல்லை, தீ இல்லை. கிந்தன் உருமாறவும் இல்லை. போன அதே கிந்தன்தான் திரும்பி வருகிறான், கையில் சர்டிபிகேட்டோடு.

இது நந்தனாரைக் கேலி செய்வதா? பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. கேலி செய்ய வேண்டும் என்றால் அந்த இசையைக் கெடுத்திருப்பார். என்.எஸ்.கே. இசையில் கை வைக்கவில்லை. அந்த வடிவத்தின் மீது ஜனங்களுக்கு இருந்த மரியாதையை அப்படியே வாங்கி, பள்ளிக்கூடத்தின் மேல் வைத்தார். கோயிலுக்கு வெளியே நிற்பவனுக்காக உருகத் தெரிந்த கூட்டத்திடம், வகுப்பறைக்கு வெளியே நிற்பவனுக்காகவும் உருகச் சொன்னார். சிரிக்க வைத்துக்கொண்டேதான் சொன்னார்.

சுவாரசியம் என்னவென்றால், சிதம்பரத்திலேயே ஒருவர் இதை சினிமாவுக்கு முன்பே செய்துகொண்டிருந்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த துறவி சுவாமி சகஜானந்தர், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நந்தனார் பெயரில் அங்கே மடமும் கல்விக்கூடமும் நிறுவினார். பின்னாளில் சட்டமன்றத்துக்கும் போனார். காவி உடுத்தியவர், சிவபக்தர். அவரிடம் நந்தனும் கிந்தனும் ஒரே ஆளாக இருந்தார்கள்.

இன்றைக்கு?

சிதம்பரம் நடராஜர் கோயிலில் தெற்கு வாயில் பக்கம் உள்ள சுவரை அகற்ற வேண்டும், நந்தனார் வந்த வழி அதுதான் என்று கோரிப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. கோயிலுக்குள் நந்தனாருக்குச் சிலை வேண்டும் என்ற கோரிக்கையும் அவ்வப்போது எழுகிறது. 2024-ல் இரா.சரவணன் இயக்கத்தில் சசிகுமார் நடித்த படத்துக்கு 'நந்தன்' என்று பெயர். அதில் கோயில் கிடையாது. தனித்தொகுதியில் ஊராட்சித் தலைவரான ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார விடுவார்களா என்பதுதான் கதை. அது மியூசிக்கலும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைப் போஸ்டரில் பார்த்ததுமே, யாரோ எங்கேயோ வெளியே நிற்கப் போகிறார்கள் என்று தமிழ் ரசிகருக்குப் புரிந்துவிட்டது. அந்த அளவுக்கு அந்தப் பெயரை நமக்குப் பழக்கியது பெரியபுராணம் மட்டுமில்லை, பாட்டும்தான்.

வாய்ப்பு கிடைத்தால் திருப்புன்கூருக்கு ஒருமுறை போய் வாருங்கள். வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சிவலோகநாதர் சன்னிதிக்கு நேர் எதிரே, நடுவில் இருக்க வேண்டிய நந்தி அங்கே கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். வாசலில் நின்றாலே சாமி தெரியும்.